முயலும் சிறு துவக்கும்

வெள்ளவத்தையில் நண்பர் சிலர் கூடித் திங்களுக்கொரு முறை திருக்குறளை உரையோடு படித்து வருகிறோம். அண்மையில் படைச்செருக்கு அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். அதன் இரண்டாங் குறள் யாவரும் அறிந்ததே. காட்டு முயலை வீழ்த்திய கணையைக் கையில் வைத்திருப்பதினும், யானைமீது ஏவித் தவறிப்போன வேலைத் தாங்கி நிற்பது வீரனுக்கு இன்பந் தருவது என்பது அதன் கருத்து. பரிமேலழகர் இதனை இன்னும் கூர்மைப்படுத்துகிறார். முயல் காட்டில் ஓடுவது. யானையோ மறைவில்லாத வெளியில் நிற்பது. ஓடும் முயலைப் பிழையாமல் எய்தவனுக்கில்லாத பெருமை, நிற்கும் யானையைத் தப்பவிட்டவனுக்கு உண்டு என்று உரை விரிகிறது.

இவ்விடத்தில் எங்கள் கூட்டத்தின் மூத்தவர் புத்தகத்தை மூடிவிட்டார். கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாக வாழ்பவர். கணித ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் வன்னிக் காடுகளில் துவக்கோடு திரிந்தவர். “தம்பி, வள்ளுவர் துவக்குப் பிடிச்சவரல்ல. வெளியில நிக்கிற ஆனையைத் தவறவிட்டவனுக்கு என்ன பெருமை? ஓடுற முயலை அடிக்கிறவன்தான் குறிகாரன்” என்றார். கூட்டத்தில் இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அவர் கூறியதில் ஒரு குழப்பமும் ஓர் உண்மையும் இருந்தன. வீரத்தைப் பற்றிய குறளை அவர் வித்தையைப் பற்றிய குறளாக மாற்றிவிட்டார், அது குழப்பம். தன்னினும் பெரிய பகையோடு பொருதுவதே வீரம் என்று சொல்ல வந்த வள்ளுவருக்கு, யானையின் உடற்பரப்பும் முயலின் உடற்பரப்பும் கணக்கில்லை. ஆனால், குறிபார்க்கும் கலை என்று ஒன்று உண்டென்றால், அதற்கு ஆசான் யானையன்று, முயலே என்பது வேட்டையறிந்தோர் எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. அன்று அவ்விவாதம் அரைகுறையாக நின்றுவிட்டது. அதனைப் பற்றி நான் பின்னர் எண்ணியவற்றையும் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிக் கூறவேண்டும். நம் நாட்டுப் பேச்சில் துவக்கு என்னும் ஒரே சொல் பலவற்றைக் குறிக்கும். கமக்காரர் தாமே மருந்து இடித்து வெடிக்கும் இடியன் துவக்கு ஒன்று. பல சன்னங்களை ஒருங்கே சிதறும் வேட்டைத் துவக்கு மற்றொன்று. இவ்விரண்டிலும் குழலின் உட்புறம் வழுவழுப்பானது. மூன்றாவது, குழலினுள்ளே புரி வெட்டியது. அதனையே றைபிள் என்கிறோம். புரியில் உராய்ந்து வரும் குண்டு பம்பரம்போற் சுழன்று செல்வதால் நேர்வழி பிசகாது. றைபிள்களுட் சிறியது, பேச்சு வழக்கிற் ‘பொயின்ற் ரூரூ’ எனப்படுவது. அதன் குழல்விட்டம் ஓர் அங்குலத்தை நூறு கூறிட்டு அதில் 22 கூறு, ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். அமெரிக்காவில் ஸ்ரீவன்ஸ் என்னும் கம்பனி 1887-இல் வெளியிட்ட நீண்ட தோட்டாவே இன்றுவரை உலகெங்கும் வழங்குவது. அதன் ஈயக்குண்டு வழக்கமாக 40 கிரெயின் நிறையுள்ளது. அதாவது இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல். அது செக்கனுக்கு 330 முதல் 380 மீற்றர் வரை விரையும். ஏறக்குறைய ஒலியின் வேகம்.

இச் சிறு தோட்டாவில் உதைப்பு என்பது இல்லையென்றே சொல்லலாம். பெருந்துவக்குப் பிடிப்பவன் வெடிக்குமுன்னரே தோளில் விழப்போகும் அடியை எண்ணிக் கண்ணை மூடுகிறான், உடல் தன்னையறியாமல் ஒடுங்குகிறது, குறி கெடுகிறது. சிறு துவக்கில் அந்த அச்சமில்லை. வெடியோசையும் குறைவு, தோட்டாவின் விலையும் குறைவு. ஆயினும் பிழை பொறுக்காத கருவி அது. சன்னத் துவக்கு ஓர் ஒட்டியாணத்தின் அகலத்துக்குச் சாவை விதைக்கும். ஏதாவதொரு சன்னம் தைக்கும். இதிலோ ஒரே குண்டு. 50 யார் தூரத்துக்குக் குறி சரிசெய்து வைத்த துவக்கில், 100 யார் செல்லும்போது குண்டு ஏறத்தாழ அரையடி தாழ்ந்துவிடும். மரக்கிளை ஆடும் அளவிலான காற்று, அதே தூரத்தில் அதனை நாலைந்து அங்குலம் ஒதுக்கித் தள்ளிவிடும். முயலின் தலையோ ஓர் எலுமிச்சம்பழத்தினும் சற்றே பெரிது. எனவே, தூரத்தை மதிக்கவும் காற்றை அறியவும் மூச்சை அடக்கவும் கற்காதவனுக்கு இத்துவக்கால் முயல் கிடைக்காது. பெருந்துவக்கில் 200 யாரிலும் 300 யாரிலும் கற்கவேண்டிய பாடத்தை, இது 75 யாருக்குள் கற்பிக்கிறது. இதுவே சிறு துவக்கும் முயலும் சேர்ந்து குறிகாரரை ஆக்குகின்றன என்னும் பழைய நம்பிக்கையின் அடிப்படை.

முயலைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேயர் இருவகை முயல்களுக்கு இருவேறு பெயர் வைத்திருக்கின்றனர். தமிழில் இரண்டும் முயலே. வளை தோண்டிக் கூட்டமாய் வாழும் சீமைமுயல் வேறு. நம் பற்றைக் காடுகளில் வாழ்வது வளையறியாத முயல்; பிடரியிற் கருமை படிந்தது; புல்லை அழுத்திய ஒரு சிறு பள்ளமே அதற்கு வீடு. சீமைமுயலின் குட்டி கண் திறவாமல், மயிரில்லாமற் பிறக்கும். நம் முயற்குட்டியோ பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. ஒளிந்துகொள்ள வளையில்லாத உயிருக்கு இயற்கை அந்த உதவியைச் செய்தது போலும்! கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ முழு வட்டத்தையும் திரும்பாமலே காண்கிறது. ஓடினால் நேராக ஓடாது. முறித்து முறித்து ஓடும். ஆனால் ஓட்டத்தின் நடுவே சட்டென நின்று காதை உயர்த்திக் கேட்கும் ஒரு பழக்கம் அதற்குண்டு. அந்த ஒரு கணமே வேடன் காத்திருப்பது.

அந்தக் கணத்தை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அறுபதுகளில், பாடசாலை விடுமுறையில், கோட்டையிலிருந்து தலைமன்னார் செல்லும் இரவு வண்டியில் ஏற்றி என்னை மாமாவிடம் அனுப்பியிருந்தார்கள். கட்டுக்கரைக் குளத்துக்கு அப்பால் ஒரு சிறு வீட்டில் அவர் இருந்தார். குளத்து வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகம். அவரிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பொயின்ற் ரூரூ இருந்தது. முதல் வாரம் முழுவதும் அவர் எனக்குத் தோட்டா தரவேயில்லை. வெறுந் துவக்கின் குழல்மேல் சதுரமான ஐந்து சதக் காசை வைத்து, அது விழாமல் விசையை அமத்தப் பழக்கினார். காசு விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாம் வாரம் பாலைமரக் கிளையிற் கட்டிய சிரட்டை. நாளுக்கு மூன்று தோட்டா. “மூச்சை இழுத்து, பாதியை விட்டுப்போட்டு, மிச்சத்தைப் பிடிச்சிரு. விசையை இழுக்காதை, பிழி. எப்ப வெடிக்குமெண்டு உனக்கே தெரியக்கூடாது” என்பார். சிரட்டை மூன்றிலிரண்டு முறை உடையத் தொடங்கியதும், ஒரு மாலை என்னைக் கூட்டிக்கொண்டு பற்றையோரம் நடந்தார்.

முயல் எங்கள் காலடியிலிருந்தே எழுந்து பாய்ந்தது. மாமா மெல்லச் சீழ்க்கையடித்தார். முப்பது யாருக்கு அப்பால் அது நின்று காதுகளை நிமிர்த்தியது. மாலை வெயில் அக் காதுகளை ஊடுருவிச் சிவப்பாகத் தெரிந்ததை இன்றும் மறக்கவில்லை. நான் காசு விழாத அளவுக்குப் பழகியிருந்த கையால் விசையைப் பிழிந்தேன். குண்டு பட்டது, ஆனால் பின்தொடையில் பட்டது. முயல் ஊமைப்பிராணி என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். காயப்பட்ட முயல் கைக்குழந்தையின் குரலில் அலறும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மாமா ஓடிச்சென்று அதன் வேதனையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். என்னைக் கோபிக்கவில்லை. “சிரட்டை அழாது, கண்டியோ?” என்றார். அவ்வளவுதான். அன்றிரவு மாமி சமைத்த கறியை எல்லாரும் உண்டார்கள். நானும் உண்டேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

சிறுவரைச் சிறு கருவியால், சிறு உயிர்மேற் பழக்கும் வழக்கம் துவக்கோடு வந்ததன்று. புறநானூற்றின் 324-ஆம் பாட்டில் வேட்டுவச் சிறுவர் சிலரைக் காண்கிறோம். உடைமரத்து முள்ளே அவர்களின் அம்புமுனை. ஊகம்புல்லின் மெல்லிய தண்டே அம்பு. வளாரை வளைத்ததே வில். அக் கருவியோடு பருத்தி வேலியருகே காட்டெலிக்காகக் காத்திருக்கிறார்கள். தகப்பன்மார் காட்டுக்குள் பெரிய வில்லோடு செய்வதையே பிள்ளைகள் வேலியோரத்தில் முள்ளம்போடு செய்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இந்தக் காட்சிக்கும், மாமா என் கையில் தந்த துவக்குக்கும் முறையில் வேறுபாடு இல்லை. கருவி சிறிது, இலக்குச் சிறிது, தூரமும் சிறிது. பழகும் கண் மட்டுமே பின்னர் பெரியவற்றுக்கு உதவுவது.

அந்தப் ‘பின்னர்’ என்னும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. எதற்கு உதவுவது?

இக் கேள்விக்கு வரலாறு கூறும் விடையில் நம் இலங்கையும் கொழும்புத் துறைமுகமும் வருகின்றன. 1899-இல் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போவர்களுக்கும் போர் மூண்டது. போவர்கள் ஒல்லாந்த வழிவந்த குடியானவர். ஒழுங்கான படையென்று பெரிதாக எதுவும் அவர்களிடமில்லை. ஆனால் சிறுவயதிலேயே புல்வெளிகளில் வேட்டையாடி வளர்ந்தவர்கள், தோட்டாவை வீணாக்காதவர்கள். அணிவகுப்புத் தெரிந்த ஆங்கிலப் படைவீரர் அவர்கள் முன் சாய்ந்தனர். அவ்வாண்டு டிசெம்பர் 15-ஆந் திகதி கொலென்சோவில் நடந்த சண்டையில், பெருந் தளபதியான றொபேட்ஸ் பிரபுவின் ஒரே மகன் படுகாயமுற்று மாண்டான். அவனைக் களத்திலிருந்து சுமந்தவர்கள் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. காந்தியடிகள் நேற்றாலில் திரட்டிய ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட தொண்டர் படையில், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர் பெருந்தொகையினர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். றொபேட்ஸின் மகனைச் சுமந்தது தம் படையே என்று காந்தியடிகள் பின்னர் எழுதியிருக்கிறார். துவக்கே தொடாதவர்களின் தோள்மீது, குறிகாரரின் குண்டுபட்ட ஒரு தளபதியின் மகன்!

மறு ஆண்டு, 1900-இல், சிறைப்பட்ட போவர்கள் கப்பல் கப்பலாகக் கொழும்பில் வந்திறங்கினார்கள். தியத்தலாவையில் அவர்களுக்கென ஒரு பெரும் முகாம் எழுந்தது. எல்லாமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். நோயுற்றவர் தேறுவதற்காகக் கல்கிசையிலும் ஒரு முகாம் இருந்தது; வெள்ளவத்தையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரம். பெயர்பெற்ற அக் குறிகாரர்கள் இங்கே மரத்தைச் செதுக்கி விளையாட்டுப் பொருள் செய்து பொழுதைக் கழித்தார்கள்.

இங்கிலாந்தோ பாடம் கற்றுக்கொள்ள முனைந்தது. நகரத்துத் தொழிலாளிக்கும் எழுதுவினைஞனுக்கும் வேட்டைக்காடு ஏது? முயலுக்கு எங்கே போவது? 1901-இல் தொழிலாளர் துவக்குக் கழகங்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. பின்னர் அது சிறு துவக்குக் கழகங்களின் சங்கமாகி ஊரூராகக் கிளைவிட்டது. படைத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்ற றொபேட்ஸ் பிரபுவே இவ்வியக்கத்துக்குப் பெருந் துணையாக நின்றார். மகனை இழந்த தந்தையின் மனம் அதில் எவ்வளவு இருந்தது என்று யார் அளந்து சொல்வது? நிலவறைகளிலும் மண்டபங்களிலும் 25 யார் தூரத்தில் ஒரு கடுதாசி அட்டை. கையில் பொயின்ற் ரூரூ. போவர்களின் புல்வெளியை ஆங்கிலேயர் ஒரு மண்டபத்துக்குள் சுருக்கி வைத்துக்கொண்டனர். இந்த அட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேட்டையிலிருந்து நேரே போருக்குச் சென்ற தனியாட்களும் உண்டு. அமெரிக்காவின் ரெக்சஸில், குத்தகைக் கமக்காரன் மகனாய் 1925-இற் பிறந்த ஓடி மேர்பி, தந்தை கைவிட்ட குடும்பத்துக்கு உணவு தேட முயலையும் அணிலையும் சிறு துவக்கால் வேட்டையாடினான். குறி தவறினால் வீட்டில் இரவுச் சாப்பாடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அவன் பெறாத வீரப்பதக்கம் இல்லையென்னும்படி ஆயிற்று. பின்னாளில் சினிமா நடிகனுமானான். ஆனால் போர்க்காலக் கனவுகள் அவனை உறங்கவிடவில்லை. தலையணைக்கடியில் கைத்துப்பாக்கியோடு படுத்தான். 1971-இல் விமான விபத்தில் இறந்தான். உரூசியாவின் ஊரல் மலையடிவாரத்தில், பாட்டனாரிடம் வேட்டை கற்ற வசிலி சாய்ற்செவ் இன்னொருவன். 1942-இல் ஸ்ராலின்கிராட் நகரின் இடிபாடுகளில், ஒரே மாத காலத்தில் 225 பகைவரை மறைந்திருந்து சுட்டவன் என்று அந்நாடு அவனைக் கொண்டாடியது. அவன் குலப்பெயரோ உரூசிய மொழியில் முயலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவனிடம் பயின்ற இளைஞரை முயற்குட்டிகள் என்றே படையில் அழைத்தார்கள். முயலை எய்து பழகியவர்கள் முயற்பெயர் பூண்டு மனிதரை எய்தார்கள்.

நம் நாட்டு வேட்டை வரலாற்றில் முயலுக்கு மதிப்பேயில்லை. ஆங்கிலத் துரைமார் எழுதிய நூல்களில் யானையும் மரையும் சிறுத்தையுமே பேசப்படும். 1848 அளவில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், றைபிளையும் வேட்டைநாயையும் தலைப்பிலேயே வைத்து இலங்கை பற்றி ஒரு நூல் எழுதினார். 1845-இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் றொஜேர்ஸ், ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் சொன்ன யானை இதுவன்று. மத்தகம் நிமிர்த்தி வரும் போர்க்களிற்றின்மேல் கைவேல் ஏவுவது வேறு. குளக்கரையில் நீரருந்தும் மந்தையைத் துவக்கால் வரிசையாக வீழ்த்துவது வேறு. அவர் கையிலிருந்த துவக்கை நம் புலவர் எவரும் பாடியிருக்க மாட்டார். 1916-ஆம் ஆண்டின் துவக்குச் சட்டமும் 1937-ஆம் ஆண்டின் காட்டுயிர், தாவரப் பாதுகாப்புச் சட்டமும் வந்த பின்னரே இந்நாட்டில் துவக்குக்கும் காட்டுக்கும் இடையில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது.

நகரமும் ஒருகாலத்தில் காடுதான். கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் ஒல்லாந்தர் 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் முடித்த பழைய தேவாலயம் இன்றும் நிற்கிறது. வுல்வெண்டால் என்பது அதன் பெயர். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? அப்பக்கத்திற் திரிந்த நரிகளையே ஒல்லாந்தர் ஓநாயென மயங்கினர் என்பர். எங்கள் மாஸ்டரின் வீடு அத்தேவாலயத்துக்கு அணித்தே இருக்கிறது. “நரி திரிஞ்ச இடத்தில முயலும் திரிஞ்சிருக்கும்தானே, தம்பி” என்று ஒருநாள் சொன்னார். கணித ஆசிரியரின் அனுமானம், மறுப்பதற்கில்லை. கொம்பனித்தெருவில் றைபிள் வீதி என்று இன்றும் ஒரு வீதி உண்டு. மலாயர் பெருவாரியாகச் சேவித்த பழைய இலங்கைத் துவக்குப் படையின் நினைவு அது. அவ்வீதியிற் போகும் ஆயிரம் பேரில் ஒருவராவது அப்பெயரை நினைத்துப் பார்ப்பார்களோ என்னவோ.

வன்னியில் முயல் வேட்டை வேறொரு வழியிற் போயிற்று. நெற்றியிற் கட்டிய விளக்கின் ஒளியில் முயலின் கண் பளிச்சிடும். ஒளியில் மயங்கி அது அசையாமல் நிற்கும். கிட்டப்போய்ச் சன்னத்தால் அடிப்பார்கள். இதில் இறைச்சி உண்டு, வித்தை எதுவுமில்லை. மாமா அதனை வெறுத்தார். 1983-க்குப் பின்னரோ, அக் காடுகளில் துவக்கு என்னும் சொல்லுக்கே பொருள் மாறிப்போயிற்று. மூச்சைப் பாதி விட்டு மிச்சத்தைப் பிடித்து விசையைப் பிழியும் அதே பாடத்தை, நான் கற்ற அதே வயதில் கற்ற பிள்ளைகள் இரு கரையிலும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்றது முயலன்று. கட்டுக்கரைக் குளத்துப் பற்றைகளில் மிதிவெடி புதைந்தது. 1990-இல் தலைமன்னார் வண்டியும் நின்றுபோயிற்று. மீண்டும் அது ஓடத் தொடங்கியபோது மாமா உயிரோடில்லை.

இனி, கடுதாசி அட்டையின் கதை. வேட்டையால் குறி கூர்மையாகும் என்பது எவ்வளவுக்கு உண்மை? மாஸ்டரிடம் இதனை நான் கணக்காகவே கேட்டேன். ஒரு மாலை முழுதும் நடந்தால் ஒரு முயல். ஒரு முயலுக்கு ஒரு வெடி. தப்பியோடிய முயல், குண்டு எத்தனை அங்குலம் இடப்புறம் போயிற்று என்று சொல்வதில்லை. அட்டையோ சொல்லும்; துளை அங்கேயே இருக்கும். ஒரு மணி நேரத்தில் அறுபது வெடி வைத்து, அறுபது பிழையையும் அளந்து திருத்தலாம். ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீற்றர் காற்றுத் துவக்குக்கு வைக்கும் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே, ஊசித்துளை எனலாம். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அப்போட்டியில் இலங்கையின் சார்பிற் பங்கேற்ற தெஹானி ஏகொடவெல போன்றோர் முயலைத் தேடிக் காட்டுக்குப் போனவர்களல்லர். கையை நிலைநிறுத்தக் கற்பதற்கு அட்டையே மேலான ஆசான் என்பது என் துணிபு.

ஆனால் அட்டை கற்பிக்காதன சில உண்டு, அதையும் மறைக்கலாகாது. காற்று எதிர்முகமாக இருக்கும்படி நடப்பது, காய்ந்த இலையை மிதியாமல் அடிவைப்பது, தூரத்தைக் கண்ணாலேயே அளப்பது, நின்றுவிட்ட அந்த ஒரு கணத்தைப் பிடிப்பது, எல்லாவற்றினும் மேலாக வெடிக்காமல் விடுவது. சிறு துவக்கின் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் பாயவல்லது. கல்லிற் பட்டாற் திசைமாறித் தெறிக்கும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால், கைக்கெட்டிய முயலையும் விட்டுவிட வேண்டும். மாமா அப்படி விட்ட முயல்கள் அவர் அடித்தவற்றினும் அதிகம்.

ஆதலால் மனிதர் உயிரில்லா முயலைப் படைத்தார்கள். 1900-இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது உயிர்ப் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டியும் நடந்தது. நூற்றுக்கணக்கிற் பறவைகள் மாண்டன. பின்னர் அது தொடரவில்லை. களிமண் தட்டுக்களே புறாவாயின. அத்தட்டுக்களில் ஒருவகையை ஆகாயத்தில் எறியாமல் நிலத்தில் உருட்டிவிடுவார்கள். அது கல்லிலும் புல்லிலும் இடறித் துள்ளித் துள்ளி ஓடும். விளையாட்டுக்காரர் அதற்கு வைத்த பெயர் முயல். அடிபட்டாற் பொடியாகும், அழாது. மாமா இருந்து இதனைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வேட்டைக்கெனவே முயலைக் கொண்டுபோனவரும் உண்டு. 1859-இல் தோமஸ் ஒஸ்ரின் என்னும் கனவான் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாப் பகுதியில், சுட்டு விளையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து இருபத்துச் சொச்சம் சீமைமுயல்களை வரவழைத்து வளர்த்தார். அவை கண்டத்தையே தின்னத் தொடங்கின. 1901 முதல் 1907 வரை மேற்கு அவுஸ்திரேலியாவில் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் வேலி போட்டார்கள். 1950-இல் நோயைப் பரப்பிக் கொன்றார்கள். முயல் இன்னும் இருக்கிறது.

பம்பாயில் வளர்ந்த சலீம் அலியின் கதை இதற்கு மறுதலையானது. சிறுவனாயிருந்தபோது, விளையாட்டுக் காற்றுத் துவக்கால் ஒரு குருவியை வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது; வழக்கமான ஊர்க்குருவி அன்று. என்ன குருவியென்று அறியும் ஆவலோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதனைக் கொண்டுபோனான். அங்கே தொடங்கிய பயணம் அவனை இந்தியாவின் தலைசிறந்த பறவையறிஞனாக்கிற்று. 1985-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, அந்தக் குருவியின் வீழ்ச்சியையே அவர் பெயராக வைத்தார். கூரிய கண் அவரிடம் கடைசிவரை இருந்தது. இலக்கு மட்டும் மாறிவிட்டது.

சென்ற திங்கட் கூட்டத்துக்கு மாஸ்டர் சற்று முன்னதாகவே வந்துவிட்டார். பௌர்ணமி நாள், கூட்டம் முடிந்தபின் கடற்கரைப் பக்கமாக நடந்தோம். நிலவு நன்றாக ஏறியிருந்தது. நிலவிலுள்ள களங்கத்தை முயற்கறை என்பது நம் வழக்கு. விருந்தினனுக்குத் தன் உடலையே உணவாகத் தரத் துணிந்த முயலை வானவர்கோன் நிலவில் எழுதிவைத்தான் என்பது பௌத்தர் கதை. உடன்வந்த மாணவன் ஒருவன் மாஸ்டரை விடவில்லை. “ஐயா, கடைசியாக முயல் அடித்தது எப்போது?” என்று கேட்டான்.

“எழுபத்தெட்டிலை” என்றார் மாஸ்டர். “கொண்டச்சிப் பக்கம். நல்ல வெளி, காத்தும் இல்லை. நாற்பது யார்.”

“பட்டதா?”

“இல்லை.”

“தவறிவிட்டதா, ஐயா?”

மாஸ்டர் உடனே விடை சொல்லவில்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போது என் தோளைப் பற்றிக்கொண்டார். முதுமையில் கால் தடுமாறுகிறது. “வண்டி வருகுது, பார்த்து வா, தம்பி” என்று மட்டும் அவனிடம் சொன்னார்.